எட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவிட்சும் ரயில்வே அருணகிரியும்

அக்டோபர் 14, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். எவனும் எழுதி வைக்காததால் என் வாக்கு காற்றோடு போயிற்று. இனி நானே எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆவாரங்குளம் வியாபாரிகள் மகமைச் சங்கத்துக்கு வரலாறு எழுத யாராவது உட்கார்ந்தால், உண்மையைத் தேடி அலையக் கூடாது.

ஊரில் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரிகள் எடுத்து வைக்கிற மகமைப் பணத்தில் சங்கம் எட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. நான் தவசிக்கனி, சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி உறுப்பினன். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கேபிள் டிவி. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. எட்டுப் பள்ளிக்கும் கேபிள் இழுத்து ஒரே இன்டர்நெட்டில் கோத்தவன் நான்தான். அதைப் பார்க்க ஜப்பானிலிருந்து ரெண்டு பேர் வந்து மூக்கில் விரல் வைத்தார்கள். அந்தக் கதை வேறொரு நாள்.

இன்று எட்டுப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் சங்கத்தின் உதவித்தொகைத் தேர்வு, கம்ப்யூட்டரில். காலையில் மணி அடித்ததும் எல்லாத் திரையிலும் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, மதியச் சாப்பாடு வரை சுற்றியது. நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு ரத்து.

கீழக்காட்டுப் பள்ளிக்குப் போகிற வயரைப் பிடுங்கியதும் மற்ற ஏழு பள்ளிக்கும் உயிர் வந்தது. உடனே எங்கள் தலைவர், ஆயில் மில் திரவியம் அண்ணாச்சி, அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். தப்பு கீழக்காட்டு கம்ப்யூட்டர் டீச்சருடையதாம். விசாரணை முடியும் வரை அவள் பள்ளிக்கு வர வேண்டாமாம்.

அந்த டீச்சர் செண்பகவல்லி, என் கூடப்பிறந்த தங்கச்சி மகள். அவள் மாப்பிள்ளை இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். சங்கம் வைத்த வேலை, சங்கம் வாயால் சொன்னால் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு அந்தக் கீழக்காட்டுப் பள்ளிக்கு நானே போய், கம்ப்யூட்டர் ரூமைத் துடைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்த வயரையெல்லாம் காலியாக இருந்த ஓட்டைகளில் அழகாகச் செருகி, கர்ப்பகிரகம் மாதிரி ஆக்கிவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ரூமில் குறை வருமா?

அக்டோபர் 15, செவ்வாய்

கடையில் ஒரு ரெகுலேட்டர் திரும்பி வந்தது. வாங்கிப் போனவர் கையில் ராசி இல்லை.

சாயங்காலம் செண்பகம் வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பாள், நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று போனால், அவள் தோசை ஊற்றிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் கேட்டேன். பள்ளிக்கு வருகிற ஒரே இன்டர்நெட் வயரைப் பத்துக் கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். சங்கம் வாங்கிப் போட்டிருப்பது இருப்பதிலேயே மட்டமானது, மூளை இல்லாதது. ஒரே வயரின் ரெண்டு முனையையும் அதே பெட்டியில் செருகிவிட்டால், உள்ளே போன செய்தி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், ஒன்று நூறாகப் பெருகி, வயர் போகிற ஊரெல்லாம் போய் எல்லோர் தொண்டையையும் அடைத்துவிடும்.

திங்கட்கிழமை வெளியே அனுப்புவதற்கு முன்னாலேயே அவள் பெட்டியைப் பார்த்திருக்கிறாள்.

"பூஜைக்கு வந்த யாரோ ஒரே வயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகி வச்சிருக்காங்க மாமா. அன்னிக்கு யாரு யாரு வந்தாங்க?"

பலரும் வந்தார்கள், யார் எதைச் செருகினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

சர்க்கரை கொஞ்சம் குறைவு.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று கமிட்டி. எட்டுப் பள்ளிக்கும் சுவிட்ச் மாற்றுவது பற்றி. பொருளாளர் பூமிநாதன் விளக்குச் சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கெதுக்கு மதுரையில இருந்து ஆளு, நம்ம தவசி கடையில கெடக்குமே" என்றார். இப்படிப்பட்டவர்கள் கையில்தான் எட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

மதுரை ஆள் வந்தான். நிஷாந்த், தலைவரின் மருமகனுக்குக் கூட்டாளி. சுவரில் படம் காட்டினான். எல்லாப் பள்ளிக்கும் நாற்பத்தெட்டு ஓட்டை வைத்த ராட்சசப் பெட்டி. கீழக்காட்டில் இருப்பது ஒன்பது கம்ப்யூட்டர். மீதி ஓட்டையில் குருவி கூடு கட்டுவதற்கா? இதோடு நிற்கவில்லை. பெட்டியை வாங்கின பிறகும், அது வேலை செய்ய வருஷா வருஷம் லைசென்ஸ் என்று தனியாகக் கட்ட வேண்டுமாம். உரலை விலைக்கு வாங்கிவிட்டு, மாவாட்டுகிற ஒவ்வொரு பொங்கலுக்கும் கடைக்காரனுக்கு வரி கட்டச் சொல்வது போல. சங்கம் ஒதுக்கிய தொகைக்கு அவன் கணக்கில் அஞ்சு பள்ளிக்குத்தான் வருகிறது. கீழக்காடு உட்பட மற்ற மூன்றும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் அந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள் உதவித்தொகைத் தேர்வை எங்கே எழுதும்? எழுந்தேன். கேட்டேன். ஹால் கிடுகிடுத்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டியில் ஒன்றை எதிர்த்துப் பேசுகிறவன் அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்து காட்ட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான். அதனாலேயே எங்கள் கமிட்டியில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். தலைவர் சிரித்துக்கொண்டே, "சரி தவசி, எட்டுக்கும் வார மாதிரி நீயே ஒரு திட்டம் கொண்டா. அடுத்த கமிட்டி வரைக்கும் டயம்" என்றார். உன் கடைச் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காதே என்று பூமிநாதன் ஒரு வார்த்தை போட்டார். என்னைப் பார்த்து.

விஷயம் தெரிந்த பிள்ளை செண்பகம் இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம் என்றேன்.

"பொம்பளப் பிள்ள. அதுவும் குத்தம் சாட்டி வெளிய நிக்கிற பிள்ள. அதுகிட்டப் போயி கமிட்டி யோசன கேக்கணுமாக்கும்?" என்றார் தலைவர். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. மிக்சர் சாப்பிடத் திறந்தார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

எட்டுப் பள்ளியையும் ஸ்கூட்டரில் சுற்றினேன். செண்பகம் உள்ளே வரக்கூடாது என்பதால் போனை அழுத்திச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் பார்த்ததைச் சத்தமாகச் சொல்வேன். பையிலிருந்து அவள் கேள்வி கேட்பாள். மேலூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் நான் என் நெஞ்சோடு பேசுகிறேன் என்று பயந்து மோர் கொடுத்தார்.

"அந்தப் பெட்டியில காத்தாடி ஓடுதா மாமா? கைய வச்சுப் பாருங்க."

ஓடவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு. பக்கத்தில் ஜின்னிங் மில். இந்த ஊர்த் தூசிக்குக் காற்றாடி வைத்த பெட்டியே ஆகாது, இரும்பு உடம்போடு சும்மா இருக்கிறதுதான் தாங்கும் என்றாள். நிஷாந்தின் ராட்சசன் ஒவ்வொன்றிலும் ரெண்டு காற்றாடி. அவன் ஒரு பள்ளிக்காவது வந்து பார்த்தானா? மதுரையில் ஏசியில் உட்கார்ந்து கீழக்காட்டுக்குப் பெட்டி எழுதுகிறவன்.

இன்னொன்று. எட்டில் பெரிய பள்ளியில்தான் கேமரா இருக்கிறது. கேமராவுக்கு நெட் வயரிலேயே கரண்ட் கொடுக்கிற விலை கூடின பெட்டி அங்கே ஒன்று போதும். அவன் எட்டுக்கும் அதையே எழுதியிருக்கிறான். கேமரா இல்லாத இடத்தில் அந்தக் கரண்ட் யாருக்கு, பல்லிக்கா?

வழியில் பெரிய மழை. மின்னல் என் ஸ்கூட்டருக்கு முன்னால் பத்தடியில் இறங்கியது. நான் ஹார்ன் அடித்தேன், விலகியது.

அக்டோபர் 26, சனி

செண்பகம் திட்டத்தை முடித்துவிட்டாள். மற்ற ஏழு பள்ளி வயரும் வந்து சேர்கிற பெரிய பள்ளிக்கு மட்டும் இருபத்து நாலு ஓட்டையில் நல்ல பெட்டி ஒன்று. மற்ற இடங்களுக்கு ஆள் கணக்குப் பார்த்து எட்டு, பதினாறு. ஆனால் சின்னதிலும் மூளை உள்ளதுதான்: யாராவது ஒரே வயரின் ரெண்டு முனையையும் செருகினால், அந்த ஓட்டையை மட்டும் தானே அடைத்துக்கொள்ளும், மற்றது ஓடும். வருஷ லைசென்ஸ் கிடையாது. கெட்டுப்போனால் பக்கத்து டவுனிலேயே மாற்றித் தருகிற கம்பெனி. எட்டுப் பள்ளிக்கும் வாங்கி, கைவசம் ரெண்டு உபரி. எல்லாம் ஒதுக்கிய தொகைக்குள்.

முன்பக்கம் நிறைய விளக்கு எரிகிற மாடலாக இருந்தால் கமிட்டிக்குப் பிடிக்கும் என்று ஆலோசனை சொன்னேன். அவள் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம், அவள் அம்மாவைப் போல.

"நான் சொன்னேன்னா எடுத்துக்கிட மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க மாமா." பிறகு ஒரு வார்த்தை சேர்த்தாள். "உங்களையும் நம்ப மாட்டாங்க."

என்னை நம்ப மாட்டார்களாம். பதினோரு வருஷம் கமிட்டியில் இருக்கிறவனை. வீட்டுக்கு வந்து மாரித்தங்கத்திடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால் இந்த இடத்தில் மறுத்துப் பேச வேண்டாமா?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு ரயில்வேயில் ஒரு அதிகாரியைத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது.

நவம்பர் 4, திங்கள்

கமிட்டி. வரலாற்றில் பொன்னெழுத்து.

திட்டத்தை வாசித்தேன். பாதியிலேயே பூமிநாதன் கொட்டாவி விட்டார். நிஷாந்த் சிரித்தான், இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டான். ரயில்வேயில் பெரிய அதிகாரி, தென்னிந்தியாவில் ஓடுகிற ரயில் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் இவர் கையில்தான், எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவர் என்றேன். நாற்காலிகள் என் பக்கம் திரும்பின.

பெயர் என்ன என்று பூமிநாதன் கேட்டார். எதிர்ச்சுவரில் அருணகிரி ரைஸ் மில் காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பெயரும் அருணகிரிதான். உலகத்தில் எத்தனையோ தற்செயல்.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். நல்ல உயரம். முறுக்கின மீசை. சம்சாரம் சாத்தூர்ப் பக்கம். பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பார். தலைவர், "சாத்தூர்ல எந்தத் தெரு?" என்று ஆசையாகக் கேட்டார். சொன்னேன்.

நிஷாந்த் கடைசியாக ஒரு கேள்வி போட்டான். பெரிய பெட்டியே பழுதாகிவிட்டால் எட்டுப் பள்ளியும் படுத்துவிடுமே, அதற்கு உங்கள் அதிகாரி என்ன சொல்கிறார் என்று. நான் மாடிப்படிக்குப் போய்ப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தேன். உபரிப் பெட்டி ரெண்டில் ஒன்று அதே இருபத்து நாலு ஓட்டைதான், அமைப்பு முழுதும் முன்கூட்டியே அதில் ஏற்றி வைக்கப்படும், வயரைப் பிடுங்கி இதில் செருகினால் வேலை முடிந்தது என்றேன். நிஷாந்த் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"கேட்டியாப்பா. ரயில் ஓட்டுதவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது.

அதே திட்டம். அதே வார்த்தை. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. செண்பகம் பெயரைச் சொன்னபோது மிக்சர் தின்றவர்கள், ரயில்வே என்றதும் காது கொடுத்தார்கள். நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது.

நவம்பர் 6, புதன்

செண்பகத்துக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. ஊரெல்லாம் அருணகிரி பேச்சு. ஆளை ஸ்டேஷனில் பார்த்ததாகப் பூமிநாதனே ஒரு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். மனுஷர்களுக்கு எப்படித்தான் இவ்வளவு புளுக மனசு வருகிறதோ.

நவம்பர் 15, வெள்ளி

பெட்டிகள் வந்து எல்லாம் மாட்டியாயிற்று. பெரிய பள்ளியில், கமிட்டி முன்னால், ஒரு வயரின் ரெண்டு முனையையும் என் கையாலேயே ஒரே பெட்டியில் செருகினேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஓட்டை விளக்கு மட்டும் நிறம் மாறி அணைந்தது. எட்டுப் பள்ளியும் ஓடிக்கொண்டே இருந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அருணகிரி சார் பெரிய ஆள்தான் என்று எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

எந்த வயரை எங்கே மாட்டுவது என்று நாள் முழுதும் என் சட்டைப் பையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், கைதட்டல் கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

தேர்வு நடந்தது. கீழக்காட்டுப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் எழுதினார்கள். ஒரு திரையிலும் வட்டம் சுற்றவில்லை.

பாயசம் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே தலைவர் அடுத்த விஷயத்தை எடுத்தார். செண்பகத்தை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடலாமாம். "நம்ம அருணகிரி சார்கிட்டயே கேளு தவசி. அவுக கைகாட்டுத பையன் யாரா இருந்தாலும் கீழக்காட்டுல போட்டுருவோம். திங்கக்கிழம கமிட்டியிலயே போனப் போட்டுப் பேசிருவோம், என்ன."

பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் எழுதின திட்டத்தில் எட்டுப் பள்ளி ஓடுகிறது. அந்தத் திட்டத்துக்குப் பரிசாக அவள் வேலையைப் பிடுங்குகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல? வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். தலைவரை, பூமிநாதனை, நிஷாந்தை. கடைசியாக அருணகிரியையும்.

நவம்பர் 25, திங்கள்

இன்றிலிருந்து ஒரு வருஷம் கமிட்டியில் எனக்கு நாற்காலி கிடையாது. சபையில் இல்லாததைச் சொன்னவன் வருஷம் முழுதும் நின்றுகொண்டேதான் கூட்டம் பார்க்க வேண்டும். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்தான். தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது, மற்றவர்களுக்குப் பொறாமை.

நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லி முடித்ததும் பூமிநாதன், தான் ஸ்டேஷனில் பார்த்தது வேறு யாராவது இருக்கும் என்று முணுமுணுத்தார். தலைவர் முகம் அவர் மில் புண்ணாக்கு நிறத்துக்குப் போயிற்று. பிறகு, "அந்தப் பிள்ளைய வரச் சொல்லு" என்றார்.

செண்பகம் மாடி ஏறி வந்தாள். சங்கத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் வாசலோடு நிற்பதுதான் வழக்கம். அவளும் நின்றாள். தலைவர் நிஷாந்தின் பழைய கேள்வியையே கேட்டார். அவள் பதில் சொன்னாள், நான் மாடிப்படியில் போனில் கேட்டுவந்து சொன்ன அதே பதில், வார்த்தை பிசகாமல். இன்னும் நாலு கேள்வி கேட்டார்கள். நாலுக்கும் சொன்னாள். அஞ்சாவது கேள்விக்கு அவர்களிடம் சரக்கு இல்லை.

"நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் பேசுவ, உக்காரும்மா" என்றார் தலைவர். ஹாலில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. என்னுடையது. உட்கார்ந்தாள்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. நாளைக்கே கீழக்காட்டுக்குப் போகலாம். ஆனால் மே மாதம் வரைக்கும் என்று ஒரு வாலை ஒட்டித்தான் தீர்மானம் போட்டார்கள். மே மாதம் வரைக்கும் எதற்கு? அதற்குள் அவள் அறிவு தீர்ந்துவிடுமா? அடுத்த கமிட்டியில் கேட்கத்தான் போகிறேன். நின்றுகொண்டு கேட்டால் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

கீழே இறங்கும்போது அவள் சொன்னாள்: "என் யோசனைக்கு மீச வச்சு அனுப்பிட்டீகளே மாமா." கோபமா சிரிப்பா, இருட்டுப் படிக்கட்டில் தெரியவில்லை.

சரி. வரலாறு எழுதுகிறவர்கள் மேலே நான் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. தலைவர் போனை என் கையில் கொடுத்து, "போடு, ஸ்பீக்கர்ல போடு" என்றதும் நான் எழுந்து சொன்னது இதுதான்:

"அண்ணாச்சி, அருணகிரின்னு ஒரு ஆளே கெடையாது. ரயில்வேயில எனக்குத் தெரிஞ்சவன் டிக்கெட் குடுக்கிறவன்கூடக் கெடையாது. அவ பேரச் சொன்னா நீங்க கேக்க மாட்டீகன்னு நான் உண்டாக்குன ஆளு. அவரு சொன்னதா நான் சொன்னது பூராவும் செண்பகம் சொன்னது. மீச மட்டுந்தான் நான் போட்டது."